முதல் அல்ட்ரா மாரத்தான்: விருப்பத்துக்காக ஓடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே ஓடுபவர்கள், மாரத்தானைத் தாண்டிய ஒரு தூரத்துக்கு முதன்முறையாகப் பெயர் கொடுத்ததும் கேட்கத் தொடங்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பரிசு மேடையைக் குறிவைத்து ஓடுபவர்களுக்கு இதில் பெரிய பயன் இராது. கெடு நேரத்துக்குள், உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் முடிவுக்கோட்டைத் தொட நினைப்பவர்களுக்காக எழுதியது இது. நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான்.

அல்ட்ரா மாரத்தான் என்று எதைச் சொல்கிறார்கள்?

மாரத்தானின் தூரமாகிய 42.195 கி.மீ.க்கு மேற்பட்ட ஓட்டம் எதுவானாலும் அது அல்ட்ராதான். பெரும்பாலும் 50 கி.மீ., 50 மைல் (ஏறத்தாழ 80 கி.மீ.), 100 கி.மீ., 100 மைல் (161 கி.மீ.) ஆகிய தூரங்களில் போட்டிகள் நடக்கின்றன. தூரத்தை விட்டுவிட்டு நேரத்தை வரையறுத்து, 6, 12 அல்லது 24 மணி நேரத்தில் யார் எவ்வளவு தூரம் கடக்கிறார்கள் என்று பார்க்கும் போட்டிகளும் உண்டு.

இது அண்மைக்காலத்தில் முளைத்த பைத்தியம் என்று பலர் நினைக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டம் 1921-இல் தொடங்கியது. அந்த ஆண்டு புறப்பட்ட 34 பேரில் 16 பேர் ஓடி முடித்தார்கள். கலிஃபோர்னியாவில் குதிரைகள் 24 மணி நேரத்தில் கடக்கவேண்டிய 100 மைல் மலைப்பாதையை, 1974-இல் கோர்டி ஐன்ஸ்லி என்பவர் குதிரையில்லாமல் தன் கால்களாலேயே 24 மணி நேரத்துக்குள் ஓடிக் கடந்தார். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் என்னும் புகழ்பெற்ற போட்டி அதிலிருந்து பிறந்ததுதான்.

முதல் முறைக்கு எந்தப் போட்டியைத் தேர்வது?

மேடு பள்ளம் குறைந்த 50 கி.மீ. ஓட்டம், அல்லது சிறு வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றும் 6 மணி நேர ஓட்டம் ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பின்னதில் கெடு நேரம் பற்றிய கவலை கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் பையைக் கடந்து செல்வதால் மறந்த பொருளை எடுத்துக்கொள்ளலாம். எங்கே நிறுத்தினாலும் உங்கள் தூரம் பதிவாகும். ஒரே இடத்தைச் சுற்றுவது அலுப்பூட்டும் என்பது உண்மைதான். ஆனால் அலுப்பைத் தாங்குவதும் இந்த விளையாட்டின் ஒரு பகுதி.

காட்டுப்பாதையிலோ மலையிலோ நடக்கும் ஓட்டமானால் தூரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஏறும் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்தையும் ஒரு கிலோமீட்டர் கூடுதல் தூரமாகக் கணக்கிடும் வழக்கம் மலை ஓட்டக்காரர்களிடம் இருக்கிறது. அந்தக் கணக்கின்படி 2,000 மீட்டர் ஏற்றம் உள்ள 50 கி.மீ. ஓட்டம் சமதளத்தில் 70 கி.மீ. ஓடுவதற்கு ஒப்பானது. மாரத்தானை ஐந்து மணி நேரத்தில் முடிப்பவர், அந்தப் பாதையின் கெடு ஒன்பது மணி நேரம் என்பதைக் கண்டு 'இதுவே தாராளம்' என்று நினைத்தால், கடைசி சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பப்பட வாய்ப்பு உண்டு.

முன்பே மாரத்தான் ஓடியிருக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை, ஆனால் ஓடியிருந்தால் நல்லது. பதக்கத்தைவிட முக்கியமானது தொடர்ச்சி. குறைந்தது ஓராண்டாக வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் பெரிய இடைவெளியின்றி ஓடிவருபவர், அரை மாரத்தானை ஓடி முடித்த மறுநாள் படியிறங்க முடிகிறவர், 50 கி.மீ. பயிற்சியைத் தொடங்கலாம். இரண்டு மாரத்தான் முடித்திருந்தும் நடுவே எட்டு மாதம் ஓடாமல் இருந்தவர் முதலில் அந்தத் தொடர்ச்சியை மீட்டெடுக்க வேண்டும்.

ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்திருந்தால், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்போ திடீர் மரணமோ நேர்ந்திருந்தால், அல்லது இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், பயிற்சி அட்டவணையைத் தேடும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

எத்தனை மாதப் பயிற்சி தேவை?

மாரத்தான் அளவுக்கு ஏற்கெனவே தயாராக இருப்பவருக்கு 16 வாரம் போதும். அரை மாரத்தான் நிலையில் இருப்பவர் 24 வாரம் ஒதுக்குவது நல்லது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே புதிய சுமைக்குப் பழகிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் அப்படியல்ல. அவை வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்காமல் ஓட முடிகிறது என்ற துணிச்சலில் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் குதிகால் நாண் வீங்கியோ, கணுக்காலுக்கு மேலே எலும்பில் வலி எடுத்தோ உட்கார்ந்துவிடுவது இதனால்தான்.

வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டக்கூடாது என்றொரு விதி பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பத்துக்கு உறுதியான ஆய்வுப் பின்னணி கிடையாது. வாரம் 20 கி.மீ. ஓடுபவர் 2 கி.மீ. மட்டுமே கூட்டவேண்டும் என்பது அளவுக்கு மீறிய எச்சரிக்கை, 80 கி.மீ. ஓடுபவர் வாரந்தோறும் 8 கி.மீ. கூட்டிக்கொண்டே போவது அளவுக்கு மீறிய துணிச்சல். மூன்று வாரம் சிறிது சிறிதாகக் கூட்டி, நான்காவது வாரம் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைத்து உடம்புக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும் முறையே எனக்குப் பயன்பட்டது.

வாரத்துக்கு எவ்வளவு ஓட வேண்டும்?

முதல் 50 கி.மீ. ஓட்டத்துக்கு, உச்சத்தில் இருக்கும் ஓரிரு வாரங்களில் 60 முதல் 75 கி.மீ. வரை எட்டினால் போதும். உச்ச வாரம் ஒன்று எப்படி இருக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டாக: செவ்வாய்க்கிழமை 9 கி.மீ. மெதுவோட்டம், வியாழக்கிழமை மேடுகள் உள்ள பாதையில் 10 கி.மீ., சனிக்கிழமை 28 கி.மீ., களைத்த கால்களோடு ஞாயிற்றுக்கிழமை 14 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் 61 கி.மீ. ஆகிறது. எஞ்சிய மூன்று நாட்களில் ஒன்றை வலுப்பயிற்சிக்கும், மற்றொன்றை நடைக்கும், மூன்றாவதை முழு ஓய்வுக்கும் ஒதுக்கலாம்.

வாரம் 100 கி.மீ. ஓடாதவன் அல்ட்ரா பற்றிப் பேசக்கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லாமல் இருக்கலாம். உச்ச வாரத்தில் ஒரு முறை 90 கி.மீ. ஓடிவிட்டு அடுத்த இரண்டு வாரம் முடங்கிக் கிடப்பவரைவிட, பதினாறு வாரமும் சராசரியாக 50 கி.மீ. ஓடியவர் நல்ல நிலையில் தொடக்கக்கோட்டுக்கு வருவார்.

பயிற்சியிலேயே ஒருமுறை 50 கி.மீ. ஓடிப் பார்த்துவிட வேண்டாமா?

வேண்டாம். 'ஓடிப் பார்க்காமல் எப்படி நம்புவது?' என்று மனம் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் போட்டி இருக்கிறது. முழுத் தூரத்தையும் பயிற்சியில் ஓடினால் அதிலிருந்து மீள இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த வாரங்களில் நடந்திருக்க வேண்டிய பயிற்சி பாழாகும். மிக நீண்ட ஒற்றை ஓட்டத்தை 32 முதல் 38 கி.மீ. அளவில், அல்லது ஐந்து மணி நேர அளவில் நிறுத்திக்கொள்ளலாம். மலைப்பாதையில் பயிற்சி செய்பவர்கள் கிலோமீட்டரை மறந்து, காலில் நிற்கும் நேரத்தை மட்டும் எண்ணுவது நல்லது.

குறையும் தூரத்தை ஈடுகட்ட அல்ட்ரா ஓட்டக்காரர்கள் கையாளும் வழி, அடுத்தடுத்த இரு நாட்களில் நீண்ட ஓட்டங்களை வைப்பது. சனிக்கிழமை மூன்றரை மணி நேரம் ஓடி, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஓடும்போது, இரண்டாம் நாள் கால்கள் போட்டியின் பின்பாதியில் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். முதல் நாள் இரவு நன்றாகச் சாப்பிட்டு உறங்கியிருப்பதால், ஒரே மூச்சில் ஐந்தரை மணி நேரம் ஓடுவதைவிடக் காயத்துக்கான அபாயம் குறைவு. இந்த இரட்டை ஓட்டத்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை வைத்தால் போதும்.

நீண்ட ஓட்டம் கால்களுக்கான பயிற்சி மட்டுமன்று. வயிறு, காலணி, முதுகுப்பை, உடுப்பு, விடியற்காலையில் கழிப்பறைக்குப் போய்வரும் பழக்கம் என எல்லாவற்றையும் ஒத்திகை பார்க்கும் நாள் அதுதான்.

எந்த வேகத்தில் ஓடுவது?

முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் ஓடுங்கள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். தனியாக ஓடுபவர்கள் வாய்விட்டுப் பேசிப் பார்க்கலாம். எதிரே வருபவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

புகழ்பெற்ற போட்டிகளின் கெடு நேரங்களைக் கணக்கிட்டுப் பார்த்தால் இந்த மெதுவேகத்தின் நியாயம் புரியும். ஏறத்தாழ 88 கி.மீ. நீளும் காம்ரேட்ஸ் ஓட்டத்துக்கு 12 மணி நேரம் தருகிறார்கள். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு 246 கி.மீ. ஓடும் ஸ்பார்ட்டத்லான் போட்டி உலகின் கடினமான போட்டிகளுள் ஒன்று. அதன் கெடு 36 மணி நேரம், அதாவது கிலோமீட்டருக்கு எட்டே முக்கால் நிமிடம். அங்கே தோற்பவர்கள் அந்த வேகத்தை எட்ட முடியாமல் தோற்பதில்லை. அதை அத்தனை நேரம் காப்பாற்ற முடியாமல் தோற்கிறார்கள். மெதுவாக ஓடுவதை ஒரு திறமையாகவே கருதிப் பழகுங்கள். பயிற்சியில் அதைப் பழகாதவரால், போட்டி நாளில் நானூறு பேர் தன்னைக் கடந்து ஓடும்போது அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்த முடியாது.

நடந்தால் அது ஏமாற்று ஆகாதா?

ஆகாது. முன்னணி வீரர்களே செங்குத்தான ஏற்றங்களில் நடக்கிறார்கள். அங்கே ஓடினால் கிடைக்கும் சில வினாடிகளுக்குக் கொடுக்க வேண்டிய விலை மிக அதிகம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சமதளத்திலும் திட்டமிட்டு நடக்கலாம். கிலோமீட்டருக்கு ஏழரை நிமிட வேகத்தில் 9 நிமிடம் ஓடி, அடுத்த 1 நிமிடம் பத்தரை நிமிட வேகத்தில் விறுவிறுப்பாக நடப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 1.3 கி.மீ. கடந்திருப்பீர்கள், சராசரி வேகம் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 43 வினாடி. 50 கி.மீ. முழுவதும் இப்படியே போனால், நடைக்காக இழப்பது மொத்தம் 11 நிமிடம்தான். சாப்பிடவும் குடிக்கவும் தசைகளைத் தளர்த்தவும் கிடைக்கும் அந்த நேரம், கடைசி 10 கி.மீ.யில் பல மடங்காகத் திரும்பி வரும்.

இதில் இரண்டு விதிகள் உண்டு. நடையைக் களைப்பு வரும் முன்பே, முதல் கிலோமீட்டர்களிலிருந்தே தொடங்க வேண்டும். நடை என்றால் உலாவுவது அல்ல. கைகளை வீசி, நோக்கத்தோடு நடப்பது. வேக நடைக்கென்று வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கச் சொன்னதற்குக் காரணம் இதுவே. ஓட்டத்துக்குப் பழகிய கால்கள் நடைக்குப் பழகியிருப்பதில்லை.

வேகப்பயிற்சி தேவையா?

முதல் அல்ட்ராவுக்கு மிகக் குறைவாகவே தேவை. விரும்பினால் பயிற்சியின் முதல் பாதியில் வாரம் ஒருமுறை, மேட்டில் இரண்டு மூன்று நிமிட ஓட்டங்களை ஐந்தாறு முறை செய்யலாம். காயம் தலைகாட்டினால் அட்டவணையிலிருந்து முதலில் நீக்கவேண்டியது இதைத்தான்.

ஏற்றத்தைவிட இறக்கம் கடினம் என்கிறார்களே?

மூச்சுக்கு ஏற்றம் கடினம். தொடைக்கு இறக்கம் கடினம். இறங்கும்போது தொடையின் முன்புறத் தசைகள் நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகின்றன. தசை இழைகளில் நுண்ணிய சிதைவு மிகுதியாக ஏற்படுவது இந்த வகை இயக்கத்தில்தான். போட்டிக்குப் பிறகு கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியாமல் தவிப்பவர்கள் பெரும்பாலும் இறக்கத்துக்குப் பழகாதவர்களே.

நல்ல செய்தி என்னவென்றால், உடம்பு இதற்கு வியக்கத்தக்க விரைவில் பழகுகிறது. இறக்க ஓட்டத்தை ஒருமுறை செய்தாலே, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் முன்பு தந்த வலியைத் தராது. ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அடிகளைக் குறுக்கி, உடம்பைப் பின்னால் சாய்க்காமல் இறங்கிப் பழகுங்கள். கடைசி இறக்கப் பயிற்சிக்கும் போட்டிக்கும் இடையே குறைந்தது பத்து நாள் இருக்கட்டும். மேடே இல்லாத இடத்தில் வாழ்பவர்களுக்கு மாடிப்படிகளும் மேம்பாலங்களும் இருக்கின்றன.

வலுப்பயிற்சிக்கு எவ்வளவு நேரம்?

வாரம் இருமுறை, தலா அரை மணி நேரம். உச்ச வாரங்களில் ஒருமுறை போதும். ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுவது, படியேறி இறங்குவது, குதிகால் உயர்த்துவது, இடுப்பையும் முதுகையும் உறுதியாக்கும் பயிற்சிகள் ஆகியவை போதும்.

ஓடும்போது சாப்பிட்டே ஆக வேண்டுமா?

ஆம். மாரத்தானையும் அல்ட்ராவையும் பிரிக்கும் கோடு 42.195-ஆவது கிலோமீட்டரில் இல்லை, வயிற்றில் இருக்கிறது.

ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட, தம் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவிடுகிறார். 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கி.மீ. ஓட்டத்துக்கு 3,000 கிலோ கலோரி வேண்டும். உடம்பில் கிளைக்கோஜனாகச் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து 400 முதல் 500 கிராம். அதிலிருந்து கிடைப்பது அதிகபட்சம் 2,000 கிலோ கலோரி. எஞ்சியதில் பெரும்பகுதியைக் கொழுப்பு தரும். ஆனால் கொழுப்பு மெதுவாகத்தான் எரியும்; அதை மட்டும் நம்பினால் ஓட்டம் நடையாகிவிடும். மூளை நம்பியிருப்பதும் குளுக்கோஸைத்தான். அது குறையும்போது முதலில் கெடுவது மனநிலை. காரணமே இல்லாமல் எரிச்சலும் அழுகையும் விரக்தியும் வந்தால், அது தத்துவச் சிக்கல் அல்ல, பசி.

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்ற அளவு பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். கடைகளில் சிறு உறைகளில் கிடைக்கும் சர்க்கரைக் கூழான ஜெல் ஒன்றில் வழக்கமாக 20 முதல் 30 கிராம் இருக்கும். உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்துக் கணக்கிடுங்கள். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் குடலில் வெவ்வேறு வாயில்கள் வழியே உள்ளே செல்வதால், இரண்டும் கலந்த உணவைப் பயிற்சி பெற்ற குடல் மணிக்கு 90 கிராம் வரைகூட ஏற்கும். முதல் முறை ஓடுபவர் அந்த எண்ணைத் துரத்த வேண்டியதில்லை.

என் முதல் 50 கி.மீ. ஓட்டத்தில், பசிக்கவில்லை என்று முதல் இரண்டரை மணி நேரம் எதையும் வாயில் போடவில்லை. 34-ஆவது கிலோமீட்டரில் தலை சுற்றியதும் பதறிப்போய், உதவி நிலையத்தில் இருந்த இனிப்புகளையெல்லாம் ஒரே மூச்சில் விழுங்கினேன். பத்து நிமிடத்தில் அனைத்தும் வெளியே வந்துவிட்டன. கடைசி 16 கி.மீ.க்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்றிலிருந்து முதல் அரை மணி நேரத்திலேயே சாப்பிடத் தொடங்கி, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரம் ஒலி எழுப்பும்படி வைத்துக்கொள்கிறேன். பசியைக் கேட்டு முடிவெடுப்பதில்லை.

எதைச் சாப்பிடுவது என்பதற்குப் பொதுவான பட்டியல் இல்லை. நான்கு மணி நேரத்துக்குப் பிறகு இனிப்பு திகட்டிவிடும் என்பதால் உப்புச்சுவை உள்ள ஏதேனும் ஒன்றும் கையில் இருக்கட்டும். நார்ச்சத்தும் கொழுப்பும் மிகுந்தவை வயிற்றில் தங்கித் தொல்லை தரும். நீண்ட ஓட்டங்களில் சோதிக்காத எதையும் போட்டியில் தொடாதீர்கள்.

வெறும் வயிற்றில் ஓடி, கொழுப்பை எரிக்க உடம்பைப் பழக்கலாம் என்கிறார்களே?

ஒரு மணி நேர மெதுவோட்டத்தை வெறும் வயிற்றில் ஓடுவதால் கெடுதல் இல்லை. நீண்ட ஓட்டத்தை அப்படி ஓடினால், குடலைப் பழக்கும் வாய்ப்பை இழப்பீர்கள். உடம்பு மீள்வதும் தாமதமாகும். கொழுப்பை எரிக்கும் திறன் மெதுவோட்டத்தால் தானாகவே வளரும். பயிற்சி மாதங்களில் எடை குறைக்கும் முயற்சியையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள். செலவுக்கு ஏற்ற உணவு இல்லாவிட்டால் எலும்பு வலுவிழக்கும், ஹார்மோன்கள் குலையும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுவிடுவதோ அதன் தெளிவான அறிகுறி. அதைக் கடும் பயிற்சியின் அடையாளம் என்று பெருமைப்படாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் குடிப்பது? உப்பு மாத்திரை வேண்டுமா?

தாகத்துக்குக் குடியுங்கள். பழைய அறிவுரைகள் 'தாகம் எடுக்கும் முன்பே குடி' என்றன. அதைக் கடுமையாகப் பின்பற்றிச் சிலர் உயிரிழந்தும் இருக்கிறார்கள். வியர்வையாகவும் சிறுநீராகவும் வெளியேறுவதைவிட அதிகமாகக் குடித்தால், இரத்தத்தில் சோடியம் இயல்பின் கீழெல்லையான லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கக்கூடும். நீண்ட நேர உழைப்பின்போது உடம்பு நீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோனைச் சுரப்பதால், மிகுதியான நீர் சிறுநீராக வெளியேறுவதும் தடைபடுகிறது. தலைவலி, வாந்தி, விரல்கள் வீங்குவது, குழப்பம், வலிப்பு என்று அது முற்றக்கூடும். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியிருந்ததே அதை வலுவாகச் சுட்டிய அடையாளம். எடை கூடுவதென்றால் நீர் தேங்குகிறது என்று பொருள்.

உங்கள் வியர்வை அளவை நீங்களே அறியலாம். ஓடும் முன்பும், ஒரு மணி நேரம் ஓடியபின் வியர்வையைத் துடைத்துவிட்டும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்து, இடையில் 300 மில்லி லிட்டர் குடித்திருந்தால், அந்த வெயிலில் உங்கள் வியர்வை மணிக்கு ஏறத்தாழ 1.3 லிட்டர். அது முழுவதையும் ஈடுகட்ட வேண்டியதில்லை. சில விழுக்காடு எடை குறைந்து முடிப்பது இயல்பு.

உப்பு மாத்திரை அளவுக்கு மீறிக் குடிப்பவரைக் காப்பாற்றாது. வெயிலில் பல மணி நேரம் ஓடும்போது உப்பு சேர்ந்த உணவோ பானமோ போதும். தசைப்பிடிப்புக்கும் உப்புக் குறைவைவிடத் தசைக் களைப்பே பெரும்பாலும் காரணம்.

போட்டி வெயிற்காலத்தில் நடக்கவிருந்தால், முந்தைய இரண்டு வாரம் வெப்பத்தில் மெதுவாக ஓடிப் பழகுங்கள். பத்து முதல் பதினான்கு நாட்களில் உடம்பு பெரும்பாலும் இசைந்துவிடும். வியர்வை சீக்கிரம் சுரக்கும், இதயத்துடிப்பு தணியும்.

வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?

கூடாது. ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. நீர் வற்றி, தசை சிதைந்து, சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது ஆபத்து. 'எல்லாரும் போடுகிறார்கள்' என்பதும் உண்மைதான். அதனால் அது பாதுகாப்பானதாகிவிடாது.

காலணி, கொப்புளம், பை பற்றி?

பல மணி நேர ஓட்டத்தில் பாதம் வீங்கும். ஆகவே விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடமிருக்கும் காலணியை வாங்குங்கள். போட்டிக்கு முன் அதில் 60 முதல் 100 கி.மீ. ஓடியிருங்கள். நகங்களை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். கொப்புளம் உரசல், ஈரம், சூடு ஆகிய மூன்றும் சேர்ந்து உண்டாக்குவது. பாதத்தில் உறுத்தல் தெரிந்த அந்த நிமிடமே நின்று, மண்ணைத் தட்டி, பசைநாடாவை ஒட்டுங்கள். இரண்டு நிமிடச் சோம்பல் இரண்டு மணி நேர நொண்டலாக மாறும். அக்குள், தொடையிடுக்கு, மார்பு ஆகிய இடங்களில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். தடவ மறந்தவர்களுக்குக் குளியலறையில் அது நினைவுக்கு வரும்.

எந்த வலியோடு ஓடலாம், எதோடு கூடாது?

இரு கால்களிலும் பரவலாக இருந்து, ஓடத் தொடங்கியதும் தளர்ந்து, இரண்டு நாளில் மறையும் தசைவலியைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் இருப்பது, ஓட ஓடக் கூடுவது, நடையை மாற்றச் செய்வது, மறுநாள் காலை மேலும் இறுகியிருப்பது ஆகியவை நிறுத்தச் சொல்லும் வலிகள். எலும்பின் மேல் ஒற்றை விரலால் தொட்டுக் காட்ட முடிகிற வலியும், இரவில் படுத்திருக்கும்போது துடிக்கும் வலியும் அழுத்த முறிவாக, அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் உண்டாகும் விரிசலாக, இருக்கலாம். மருத்துவர் பார்க்கும்வரை ஓட்டம் வேண்டாம். பதினாறு வாரத்தில் ஒரு வாரத்தை இழப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. விட்டுப்போன ஓட்டங்களை அடுத்த வாரத்தில் திணிப்பதுதான் கெடுக்கும்.

வேலையையும் வீட்டையும் வைத்துக்கொண்டு இதற்கு நேரம் கிடைக்குமா?

பெயர் கொடுக்கும் முன்பே வீட்டாரிடம் பேசிவிடுங்கள். உங்கள் சனிக்கிழமைக் காலைகளுக்கான விலையைக் கொடுப்பவர்கள் அவர்கள்தான். நீண்ட ஓட்டத்தை விடியும் முன் தொடங்கி, அவர்களின் நாள் தொடங்கும் நேரத்தில் திரும்பிவிடுவது பலருக்கும் இசைந்துவரும் ஏற்பாடு. திரும்பியபின் சோபாவில் சாய்ந்துவிடக்கூடாது என்பது அந்த ஏற்பாட்டின் எழுதப்படாத பகுதி. உறக்கத்தை மட்டும் வெட்டாதீர்கள். ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்து ஓடுவதைவிட, அன்றைய மெதுவோட்டத்தை விட்டுவிட்டு உறங்குவது நல்ல பயிற்சி.

கடைசி மூன்று வாரங்களில் என்ன செய்வது?

மூன்று வாரத்துக்கு முன் கடைசி நீண்ட ஓட்டத்தை முடித்துவிட்டு, தூரத்தைப் படிப்படியாகப் பாதி வரை குறையுங்கள். ஓடும் நாட்களின் எண்ணிக்கையை அப்படியே வைத்திருங்கள். இந்த நாட்களில் இல்லாத வலிகளெல்லாம் தோன்றும். பெரும்பாலும் அவை மனத்தின் வேலை. போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் மாவுச்சத்தின் பங்கைக் கூட்டுங்கள். முந்தைய இரவு தூக்கம் வராமல் போகலாம். அதற்கு முந்தைய இரவுகளில் நன்றாக உறங்கியிருந்தால் கவலையில்லை.

போட்டி நாளில் ஓட்டத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது?

முழுத் தூரத்தையும் நினைக்காமல் அடுத்த உதவி நிலையம் வரை மட்டும் ஓடுங்கள். முதல் 20 கி.மீ. முடிந்ததும் 'மிக மெதுவாக வந்துவிட்டோமோ' என்ற குற்ற உணர்வு இருந்தால், வேகம் சரியாக இருக்கிறது. நிலையத்தை நெருங்கும்போதே எதை எடுக்கவேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கே நாற்காலியில் உட்காருவதை, இயன்றவரை, தவிருங்கள்.

எல்லாம் வீண் என்று தோன்றும் ஒரு கட்டம் பெரும்பாலானவர்களுக்கு வரும். அப்போது எந்த முடிவும் எடுக்காமல், கொஞ்சம் சாப்பிட்டு, கொஞ்சம் குடித்து, இருபது நிமிடம் நடந்தபின் மீண்டும் யோசியுங்கள். அது கடந்துபோவதைக் கண்டு நீங்களே வியப்பீர்கள். மாறாக, நெஞ்சுவலி, மனக்குழப்பம், நிற்காத வாந்தி, கறுத்த சிறுநீர், காலை ஊன்ற முடியாத வலி ஆகியவை வந்தால் யோசிக்கவே வேண்டாம். அதோடு நிறுத்திக்கொண்டு உதவி கேளுங்கள்.

முடித்தபின் எப்போது மீண்டும் ஓடலாம்?

முதல் வாரம் ஓட்டம் வேண்டாம். நடையும் உறக்கமும் போதும். இரண்டாம் வாரம் இருபது முப்பது நிமிட மெதுவோட்டம் இரண்டு மூன்று முறை ஓடிப் பார்க்கலாம். தசைவலி நான்கைந்து நாளில் மறைந்துவிடும். ஆனால் உள்ளே நடக்கும் சீரமைப்புக்கு இன்னும் பல நாள் ஆகும் என்பதால், வலி இல்லாததை முழு அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முடித்த அன்றோ அடுத்த இரண்டு நாட்களிலோ சிறுநீர் தேயிலைச் சாற்றின் நிறத்தில் போனாலோ, மிகக் குறைவாகப் போனாலோ, சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுப்பதை மட்டும் மூன்று வாரம் தள்ளிப்போடுங்கள். முடிவுக்கோட்டைத் தாண்டிய அன்று இரவே பெயர் கொடுத்துவிட்டு, மறுநாள் படியிறங்கும்போது வருந்தியவர்களில் நானும் ஒருவன்.